காதொடிந்த நந்தியும் பண்ணையார் காரும்

பாப்பா,

நாலு பேர் படிக்கிற இடத்தில் உன்னைக் கூப்பிட்டுப் பேசுகிறேனே என்று கோபப்படாதே. இதைத் தபாலில் போட்டிருக்கலாம், போனில் சொல்லியிருக்கலாம், செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி, நீ இருக்கும் படூருக்கு நேரிலேயே வந்து உன் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உனக்குச் செய்த கெடுதலைத் தனியறையில் வைத்துச் செய்யவில்லை. நாற்பது ஐம்பது பேர் முன்னால் செய்தேன். அது போதாதென்று அதையே கட்டுரையாக எழுதி, போட்டோவும் கொடுத்து, நம் நகர் நலச்சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சேற்றினேன். அதனால்தான் அதே மலரில் நான்கு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். சங்கச் செயலாளர், "பொண்ணுக்குக் கல்யாண வாழ்த்தா சார்?" என்று கேட்டார். அந்த மாதிரிதான் என்றேன். பார், இந்த வயதிலும் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் எதற்கு, உங்கள் வீட்டு ரேஸ் காரிலேயே பையனை உட்கார வைத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை அழைத்து வந்துவிடலாமே என்று சம்பந்தி ஆசைப்பட்டார். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் எல்லாம், பெண் வீட்டில் ஒரு பண்ணையாரின் வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியும் வைத்துவிட்டார். அந்தக் கதையை அவருக்குச் சொன்னவன் நான்தான். பெண் பார்க்க வந்த அன்று, நீ காபித் தட்டோடு நிற்கும்போதே சொன்னேன். நீ தரையைப் பார்த்தாய். வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். போன வாரம் நீ போன் செய்தாய். குரலில் கோபம்கூட இல்லை. "அவங்கப்பா என்னாண்ட கார கேட்டாரு, அப்பாவையே கேளுங்கன்னுட்டேன். ஒரு வாட்டி உண்மையச் சொன்னேன்ப்பா, போதும். இன்னொரு வாட்டி என்னால ஆவாது" என்றாய். சரிம்மா, பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. நம் வீட்டில் நிற்கும் அந்தச் சிவப்புக் கார் எந்தப் பண்ணையாருடையதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்ததும் இல்லை. தொண்ணூறுகளில், நம் வீட்டுக்குப் பின்னால் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், பழைய ஜீப்பின் சேசிஸ் மேல் அம்பாசடர் இன்ஜினை உட்கார வைத்து, அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி நீயும் நானும் மூன்று வருடத்தில் செய்தது. அசல் பார்த்துச் செய்த நகல். அசலைக்கூட நாம் பார்த்ததில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், முப்பதுகளில் ஓடிய ஒரு பந்தயக் காரின் படம் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். நீண்ட மூக்கு, திறந்த சக்கரங்கள், கூம்பிப் போகும் பின்பக்கம். கல்பாக்கத்தில் பிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பகலெல்லாம் அடுத்தவர் வரைந்து கொடுத்த அளவுக்கு இரும்பைத் தேய்த்துவிட்டு, நமக்கென்று ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்ற வெறி. அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, வேறு பொம்பளை போட்டோவாக இருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன், காரைப் பார்த்து இளிக்கிற ஆளை என்ன செய்வது என்றாள்.

மூக்கு சுலபமாக வந்தது. பின்பக்கம்தான் என் மானத்தை வாங்கியது. கோழிமுட்டையைப் படுக்க வைத்த மாதிரி எல்லாப் பக்கமும் வளைய வேண்டும். மர அச்சு செய்து அதன் மேல் தகட்டை வைத்து அடித்தேன். மூன்று தகடு கிழிந்தது. ஒவ்வொரு தகடு கிழிந்தபோதும் வீட்டில் யார் கண்ணில் படுகிறார்களோ அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். தகட்டை இளக்குவதற்கு ஒரு வழி உண்டு. ஒரு பக்கம் துணி சோப்பைத் தேய்த்து, மறுபக்கம் கேஸ் டார்ச்சால் சூடு காட்ட வேண்டும். சோப்பு கருக்கும்போது நிறுத்தினால் தகடு மெத்தென்று சுத்திக்கு இசையும். கொஞ்சம் தாண்டினால் ஓட்டை விழும். எனக்குப் பொறுமை போதாது, ஓட்டைதான் விழும். பிறகு சோப்பைப் பார்க்கும் வேலையை நீயாகவே எடுத்துக்கொண்டாய். "போதும்ப்பா" என்று நீ சொல்லும் நேரம் ஒரு நாளும் தப்பியதில்லை. உன் அம்மாதான், துவைக்கிற கல்லில் வைத்த சோப்பு எங்கே போகிறது என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் சந்தேகப்பட்டாள்.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பி நமக்குப் பழக்கம். அவர் உளிகளுக்கு நான் முனை பிடித்துக் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயது. பட்டறை வாசலில் கழித்துப் போட்ட கற்களுக்கு நடுவே காதொடிந்த நந்தி ஒன்று படுத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நீ அதன் முதுகில் ஏறிக் கால் இரண்டையும் தொங்கப் போட்டு உட்கார்ந்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருக்கிறாய். அதட்டி இறக்கலாம் என்று வந்தேன். "அப்பா, அந்தப் போட்டோவ எடு. நம்ம காரு பின்னாடி இதாம்ப்பா" என்றாய். எடுத்துப் பார்த்தேன். அதேதான். முதுகிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் திரண்டு, கீழே ஒடுங்குகிற அதே வளைவு. மூன்று தகட்டைக் கிழித்த பிட்டர் நான், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சிற்பி விஷயத்தைக் கேட்டுச் சிரித்து உருண்டார். "காது போன நந்தி அண்ணாத்த, கோயிலுக்கு ஆவாது. காருக்கு ஆவுதுன்னா குந்திகினு அடிச்சிக்கோ, எனக்கு இன்னா போவுது" என்றார்.

அதன் பிறகு எட்டு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போனோம். நந்தியின் மேல் சாக்கை விரித்து, தகட்டை வைத்து, மரச்சுத்தியால் அடித்தோம். ஒரு பாதி நீ, ஒரு பாதி நான். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவில் பற்றவைத்தேன். பற்றவைக்கும் முன் உன் பாதியின் உள்பக்கத்தில், ஆணியை வைத்துத் தட்டி, புள்ளி புள்ளியாக உன் பெயரை எழுதினாய். வெளியே தெரியாது, கையை உள்ளே விட்டால் விரலுக்குத் தட்டுப்படும். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்கள் கார் நந்தி மேல் பிறந்தது என்று நீ சொல்லித் திரிந்தாய். யாரும் நம்பவில்லை. வந்து பாருங்கள் என்று கூட்டிவந்து காட்டினாய். அந்த ஒரு வருடம் நம் வீட்டில் எனக்கு வாய்த்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். சென்னையிலிருந்து பழைய கார்கள் கூட்டமாக மாமல்லபுரம் வரை போகிற ஓர் ஊர்வலம் நடந்தது. வழியில் முட்டுக்காட்டில் நிறுத்தி எல்லாரும் காரைப் பார்ப்பார்கள், பரிசும் உண்டு. நம் காரைப் பற்றி யாரோ சொல்லி எனக்கும் அழைப்பு வந்தது. நீ பாவாடை சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். ஈ.சி.ஆர். அப்போது இத்தனை அகலம் கிடையாது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தார்கள். முட்டுக்காட்டில் சவுக்கு நிழலில் வரிசையாக நின்ற கார்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒரு தாத்தா வாங்கி, மகன் ஓட்டி, பேரன் துடைத்து வைத்தவை. அந்தப் பேரன்கள் அங்கே நின்றார்கள். நானோ அச்சரப்பாக்கம் பக்கம் பண்ணை ஆளின் மகன். என் அப்பா தன் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் களத்தில் நெல் தூற்றியவர். ஐ.டி.ஐ. படித்துச் சம்பளக்காரனாகி, கட்டிக்கொண்ட வீட்டில் குடியிருந்தாலும், அந்த வரிசையில் போய் நின்றதும் என் கால் தானாக ஓரத்துக்கு ஒதுங்கியது. தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், நடுவர்களில் முக்கியமானவர், நம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரிஜினலா?" என்றார். கேட்ட விதத்தில் அத்தனை மரியாதை. நான் தலையாட்டினேன்.

தலையைத்தான் ஆட்டினேன், வாயைத் திறக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அவர் அடுத்து, எங்கே கிடைத்தது என்று கேட்டார். வாயைத் திறந்தேன். அச்சரப்பாக்கத்தில் ஒரு பண்ணையார் வைத்திருந்தது, அவர் போன பிறகு ரைஸ் மில் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது, நான் கண்டெடுத்து, செத்துப்போன இன்ஜினுக்குப் பதில் அம்பாசடர் இன்ஜினைப் போட்டுச் சரி செய்தேன் என்று கடகடவென்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் "ஆகா" என்றார்கள். யாரோ என் முதுகில் தட்டினார். அப்போதுதான் நீ, அப்பா ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தவளைப் போல, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் சொன்னாய். "இல்ல சார், இத நாங்கதான் செஞ்சோம். பின்னாடி பாதி நான் அடிச்சேன். காதொடிஞ்ச நந்தி மேல வெச்சு அடிச்சோம்."

பெரியவர் சிரித்தார். "நந்தி மேலயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சொன்ன உண்மை நம்ப முடியாததாக இருந்தது, நான் சொன்ன பொய் நம்பும்படி இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், பாப்பா. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை. பரிசு போயிருக்கும், கொஞ்சம் தலைகுனிவு வந்திருக்கும், மறுநாள் மறந்திருப்பார்கள். நான் உன் கையை உதறிவிட்டு, "சின்னப் பொண்ணு சார், எதுனா கத கட்டிகினே இருக்கும்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அழவில்லை. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், என் பேர் இருக்கிறது என்று சொல்ல உன்னால் முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ நேராக உள்ளே போய்விட்டாய். உன் அம்மா எப்படியோ உன் வாயிலிருந்து வாங்கிவிட்டாள். நான் தட்டின் முன் உட்கார்ந்தபோது, "பெத்த பொண்ண அத்தன பேரு எதிர்ல பொய்க்காரி ஆக்கிட்டு, சோத்துக்கு வந்து குந்திகினியா?" என்றாள். நான் கத்தினேன். என்னைப் போல் ஒருவன் அந்த இடத்தில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, உங்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று ஏதேதோ கத்தினேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு அதைவிடக் கேவலமான ஒரு காரியம் செய்தேன். யாராவது வந்து தடவிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், காரின் பின்பக்கத்துக்குள் கையை விட்டு, உன் பெயரை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். என் கைவேலையைக் கல்பாக்கத்தில் மெச்சுவார்கள் இல்லையா, அந்தக் கைவேலை. எழுத்து இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நீ கொட்டகை வாசலில் பையோடு நின்று பார்த்தாய். அதன் பிறகு அந்தக் கொட்டகைக்குள் நீ கால் வைக்கவே இல்லை. படிப்பு அதிகமாகிவிட்டது என்று வந்தவர்களிடம் சொன்னேன்.

பொய்யை ஒரு முறை சொன்னால் விட்டுவிடாது, அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. பண்ணையாருக்கு மீசை வைத்தேன். அவர் கிண்டிக்கு ரேஸ் பார்க்கப் போவார் என்றேன். மில் கொட்டகையின் தகரக் கதவு, வைக்கோலின் வாசனை, காருக்குள் பூனை குட்டி போட்டிருந்தது, எல்லாம் சேர்ந்தது. மலரில் கட்டுரை வந்ததும் நம் நகரில் எனக்கு ஒரு மதிப்பும் வந்தது. கொட்டகையில் கேட்ட சுத்திச் சத்தமெல்லாம் பழையதைச் சரி செய்த சத்தம் என்று அக்கம்பக்கத்தில் நம்பிக்கொண்டார்கள். ஒரு விஷயம் மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. உன் தாத்தா உழைப்பையெல்லாம் ஒரு பண்ணையார் கொண்டுபோனார். அது தாத்தாவுடைய காலக்கொடுமை, அவரால் தடுத்திருக்க முடியாது. உன் உழைப்பை எடுத்து, இல்லாத ஒரு பண்ணையாரை நானே உண்டாக்கி, அவர் காலடியில் நானே கொண்டுபோய் வைத்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, நீ வேண்டாம் என்று தடுத்துவிடுவாய் என்ற பயமில்லை, நீ சரி என்று சொன்னால் நான் பின்வாங்க முடியாதே என்ற பயம். அவர்கள் குடியிருப்பின் வாசலில் இரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் லிப்டில் ஏறினேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். கார் நகல், பண்ணையார் பொய், முட்டுக்காட்டில் என் மகளை நான் பொய்க்காரி ஆக்கினேன், எல்லாம். சம்பந்தியம்மா நீட்டிய காபி என் கையில் ஆறிப்போனது. சம்பந்தி பேங்கில் முப்பது வருடம் பொய்க் கையெழுத்தும் நிஜக் கையெழுத்தும் பார்த்த மனிதர். கையெழுத்தைப் பார்ப்பது போலவே என் முகத்தைப் பார்த்தார். சம்பந்தம் கையைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன். பிறகு, "அப்ப மருமகளா இதைச் செஞ்சது?" என்றார். நானும் அவளும் என்றேன். "என்னென்ன அவ செஞ்சா, சொல்லுங்களேன்" என்றார். கேட்கிற ஆசையில்தான் கேட்டார்.

நந்தியைச் சொன்னேன், சோப்பைச் சொன்னேன், பின்பக்கத்தில் ஒரு பாதி என்றேன். எந்தப் பாதி என்று கேட்டார். வலது என்றேன். இல்லை, இடது. எது என்று நிச்சயமில்லை. டேஷ்போர்டு மரத்தைத் தேய்த்தது நீயா நானா? சக்கரத்துக்குக் கம்பி கோத்தபோது நீ இருந்தாயா? முதன்முதலாக இன்ஜின் பிடித்த அன்று நீ என்ன சொன்னாய்? எதுவும் வரவில்லை, பாப்பா. இல்லாத பண்ணையாரின் மில்லில் பூனை போட்ட குட்டிகளின் நிறத்தை என்னால் சொல்ல முடியும். உன்னோடு இருந்த மூன்று வருடத்தைச் சொல்ல முடியவில்லை. அத்தனை முறை அதன் மேலேயே பொய்யைச் சொல்லிச் சொல்லி அடியில் இருந்ததைத் தேய்த்துவிட்டேன். அந்த மனிதரின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "பொண்ணுகிட்டயே கேட்டு வந்து சொல்லுங்க சம்பந்தி. மாப்பிள்ளை அழைப்புல நாலு பேரு கேட்டா நான் சரியாச் சொல்லணும்லா" என்றார்.

கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உன்னைப் பற்றி யாராவது தப்பாக ஒரு பெருமை பேசினால் அந்த நிமிடமே திருத்திவிடு, அடுத்த நிமிடம் கஷ்டம். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது நாலு பேர் நடுவில் நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், முதலில் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள். சரியா தப்பா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோப்பையை அந்த ஊர்வலம் நடத்தியவர்களின் பழைய விலாசத்துக்கே பார்சல் அனுப்பிவிட்டேன், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்களோ என்னவோ.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். எழுதி வரும்போது, அதைக் கேட்பதே உன்னிடம் இன்னொரு பொருளைப் பிடுங்குவது போல் தோன்றுகிறது. அதனால் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வா. கொட்டகையைத் திறந்து காரை வெளியே தள்ளி வைக்கிறேன். நீ கையால் தொட்டுத் தொட்டு, இது நான் செய்தது, இது நீ செய்தது, இது அன்றைக்கு இப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் சொல். பக்கத்து வீட்டார் வருவார்கள், இதைப் படித்தவர்கள் வருவார்கள், வரட்டும். நான் ஒன்றும் சேர்க்க மாட்டேன், குறுக்கே பேச மாட்டேன். யாராவது என் முகத்தைப் பார்த்தால் மட்டும், ஆமாங்க, என் பொண்ணு சொல்றது நிஜம் என்று சொல்கிறேன்.

அப்பா